சிக்னல் வேகமாக அடித்தால் முதலில் பல்பைப் பாருங்கள்

காரின் ஒரு பக்கச் சிக்னல் மட்டும் திடீரென்று வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் உடனே கராஜுக்கு ஓட வேண்டாம். அந்தப் பக்கத்தில் முன்னோ பின்னோ ஒரு பல்ப் எரியவில்லை, பெரும்பாலும் அவ்வளவுதான். இந்தப் பல்புகள் பல கார்களில் 21 வாட். ஒன்று அணைந்தால், சிக்னலை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷர் வழியே போகும் மின்னோட்டம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சாரதிக்குத் தெரியட்டும் என்றுதான் அது வேகத்தைக் கூட்டுகிறது.

புதுப் பல்ப் வாங்குமுன் பழையதைக் கழற்றிப் பாருங்கள். இழை அறாமல் இருந்தால் ஹோல்டரில் களிம்பு பிடித்திருக்கலாம். கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலோரமாக நிற்கும் வாகனங்களுக்கு உப்புக்காற்று செய்கிற வேலை இது. சிக்னலை நிறுத்திவிட்டு சாண்ட் பேப்பரால் மெல்லத் தேய்த்தால் சரி, காசு மிச்சம். வாங்கத்தான் வேண்டுமென்றால் பழையதையும் கையோடு கொண்டுபோங்கள். செம்மஞ்சள் பல்பின் பக்கக் குமிழ்கள் பல வகைகளில் நேரெதிராக இருக்காது. வெள்ளைப் பல்பை வாங்கி வந்தால் உள்ளே போகாது.

எல்ஈடி பல்ப் மாற்றிய கார்களுக்கு இது பொருந்தாது. அது இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால், பழுதே இல்லாமலும் வேகமாக அடிக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக வேகம் பிடித்தால் பிளாஷரைச் சந்தேகியுங்கள்.