பழைய பீட்டிலில் பெட்ரோல் வாடை: கசிவைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை

"பழைய வண்டி என்றால் பெட்ரோல் வாடை அடிக்கத்தான் செய்யும்" என்ற பேச்சு தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் நெடுநாளாக வழங்கி வருகிறது. வண்டி பழுதுபார்ப்பவர்களிலும் சிலர் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. நம் நாட்டின் யூட்டன்ஹேக் ஆலையில் 1951 தொடங்கி 1979 வரை செய்யப்பட்டு, நம் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் காராக அமைந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை எடுத்துக்கொண்டால், எல்லா இணைப்புகளும் சரியாக இருக்கும் வண்டியின் உள்ளே வாடை வராது. வாடை வருகிறது என்றால் எங்கோ பெட்ரோல் வெளியேறுகிறது அல்லது முழுமையாக எரியாமல் போகிறது. இரண்டுக்கும் காரணம் உண்டு, இரண்டையும் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

தேடத் தொடங்கும் முன் இடத்தைச் சரிபார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாமல் தரையோடு படர்ந்து, பள்ளங்களிலும் மூலைகளிலும் தேங்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் வீட்டோடு ஒட்டிய கராஜில் பெரிய ஃப்ரீசரும், மின்வெட்டுக்காக வாங்கிய இன்வர்ட்டரும் நிற்பது வழக்கம். அவை தாமாகவே இயங்கி நிற்கும்போது உள்ளே எழும் சிறு பொறியே தீப்பற்றப் போதுமானது. ஆகவே வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீடாக இருந்தால், பூசையறைக்கும் வண்டிக்கும் இடையில் போதிய தூரம் இருக்கட்டும். பின்னிருக்கையின் அடியில் உள்ள பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, உலர்பொடித் தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்குப் பேட்டரி டார்ச்சே போதும். கம்பியில் தொங்கும் மின்விளக்கு கீழே விழுந்து உடைந்தால் அதுவே தீக்குச்சி ஆகிவிடும்.

வாடை எங்கிருந்து வருகிறது என்பதை விட எப்போது வருகிறது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூக்கு சில நிமிடங்களிலேயே பழகிப்போய் வாடையை உணராமல் விட்டுவிடும்; அதை மட்டும் நம்பி வண்டியைச் சுற்றி வருவதில் பயன் இல்லை. பெட்ரோல் நிரப்பியவுடன் வருகிறதா, வளைவில் திரும்பும்போது வருகிறதா, ஓட்டி வந்து நிறுத்திய பத்து நிமிடத்தில் வருகிறதா, இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் திறக்கும்போது வருகிறதா என்று ஒரு வாரம் குறித்து வைத்தால், பாதி வேலை முடிந்துவிடும்.

நிரப்பியவுடனும் வளைவிலும் மட்டும் வருமானால், தொட்டியின் மேற்பகுதியைப் பார்க்க வேண்டும். பீட்டிலின் தொட்டி முன் பானெட்டின் அடியில், உங்கள் முழங்காலுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. அங்கே வரும் ஆவி நேராக உள்ளே நுழைகிறது. பெட்ரோல் மூடியை வெளிப்புறத்தில் வைத்த பிற்கால வண்டிகளில், நிரப்பும் கழுத்தைத் தொட்டியோடு இணைக்கும் அகன்ற ரப்பர் குழாய் காலப்போக்கில் வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் இருக்கும். ஆவி போவதற்கான மெல்லிய குழாய்கள் கழன்றுபோயிருக்கலாம். எரிபொருள் அளவுமானி அமர்ந்திருக்கும் இடத்தின் கேஸ்கட் காய்ந்து சுருங்கியிருக்கலாம். தொட்டி நிறைந்திருக்கும்போது அலையடித்து அந்த வழியே வெளிவரும். நிலையத்தில் பெட்ரோல் போடுபவர் நமக்கு நல்லது செய்வதாக எண்ணிக் கழுத்துவரை நிரப்புவதும் உண்டு. முதல் முறை தானாக நின்றவுடன் போதும் என்று அவரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

காலையில் மட்டும் வாடை இருந்தால் அது மெதுவான கசிவு. தொட்டியின் அடியில் உலோகக் குழாயோடு சேரும் ரப்பர் துண்டு, பின்னால் கியர்பாக்ஸ் அருகே குழாய் வெளியே வரும் இடம், பம்பின் இரு பக்கங்கள், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் வாய் என ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, அதைச் சுற்றி வெள்ளைத் திசுத்தாளைக் கட்டி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் தாளில் மஞ்சள் கலந்த பழுப்புக் கறையை விட்டுச் செல்லும். துணி நெய்த பழைய வகைக் குழாய்களில் மட்டும் கண்ணை நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பிளந்துபோயிருந்தாலும் மேலுள்ள நெய்த உறை அதை மறைத்துவிடும். மெல்ல வளைத்துப் பாருங்கள். ஈரமோ விறைப்போ தென்பட்டால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும்.

நம் பகுதி வீடுகள் மேடு பள்ளமான சரிவில் நிற்பதால் இன்னொன்றும் நேர்கிறது. வண்டியின் மூக்கு மேலே பார்க்கும்படி நிறுத்தினால், முன்னால் உள்ள தொட்டி பின்னால் உள்ள எஞ்சினை விட உயரத்தில் இருக்கும். பம்பின் வால்வும் கார்புரேட்டரின் நீடில் வால்வும் சரியாக அடையாவிட்டால், பெட்ரோல் தானாகவே இறங்கி, கார்புரேட்டரை நிரப்பி, எஞ்சினுக்குள் வழிந்துவிடும். எண்ணெய் அளவுக் கோலை எடுத்து மோந்து பாருங்கள். இரண்டரை லிட்டர் மட்டுமே கொள்ளும் இந்த எஞ்சினில் எண்ணெய் மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் நெடியும் வீசினால், வண்டியைக் கிளப்பவே கூடாது. எண்ணெய் மெலிந்து பேரிங்குகள் தேய்ந்துபோகும். பம்பின் உள்ளே உள்ள டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். பழுதைச் சரிசெய்து, எண்ணெயை முழுவதும் வடித்து மாற்றிய பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

ஓட்டி நிறுத்திய பிறகு வரும் வாடைக்குச் சூடே காரணம். சூடான எஞ்சின் நின்றதும் குளிர்காற்று நின்றுபோய், கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதிக்கத் தொடங்குகிறது. எஞ்சின் அருகே மட்டும் சிறிதளவு வாடை வந்து அடங்கினால் அது இயல்பு. துளியாகச் சொட்டினால் இயல்பன்று. இந்த இடத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: சோலெக்ஸ் கார்புரேட்டரின் மேல்மூடியில் அழுத்திப் பொருத்திய பித்தளைக் குழாய் நாளடைவில் தளர்ந்து, ரப்பர் குழாயோடு சேர்த்து வெளியே வந்துவிடுவது உண்டு, பெட்ரோல் அப்போது தீப்பொறி எழும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலேயே பீய்ச்சும். ஓடும் பீட்டில்கள் தீப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அன்றே சரிசெய்யுங்கள். எஞ்சின் அறைக்குள் யாரேனும் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் வடிகட்டியையும் அங்கிருந்து எடுத்து, தகட்டுக்கு வெளியே, கியர்பாக்ஸ் பக்கம் வைப்பதே நல்லது.

ஓடும்போது மட்டும் புகையோடு கலந்து வருமானால், கசிவைத் தேட வேண்டாம், கலவையைப் பாருங்கள். சோக் திறக்காமல் சிக்கியிருக்கலாம். கடலோரத்தில் சரிசெய்த கார்புரேட்டரோடு ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கு ஏறிச் சென்றாலும், அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவதால், பெட்ரோல் மிகுந்து எரியாமல் வெளியேறும். புகை உள்ளே வரும் வண்டியில் மணமற்ற கார்பன் மோனாக்சைடும் உடன் வரும் என்பதால், எக்ஸாஸ்ட் கேஸ்கட்டுகளையும் சூடேற்றும் பெட்டிகளையும் பார்க்கும்வரை ஹீட்டரை மூடியே வைத்திருங்கள்.

குழாய் மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றி நிறுத்தாமல், முன்னிருந்து பின்வரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாயைக் கேட்டு வாங்குங்கள். ஆவியை அதிகம் கசியவிடாத வகை அது. துளையிட்ட பட்டை கிளாம்ப் ரப்பரை அறுத்துவிடும். ஓரம் மடித்த கிளாம்பே ஏற்றது.

எல்லாம் முடிந்தபின் தொட்டியை நிரப்பி, ஒருமுறை நன்றாக ஓட்டி, சரிவில் நிறுத்தி, காலையில் திசுத்தாள்களைப் பாருங்கள். அவை உலர்ந்திருந்தும் வாடை மிஞ்சினால், முன்பு சிந்தியது கம்பளத்தில் ஊறியிருக்கலாம். வெளியே எடுத்துச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். தொட்டியே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், கடற்காற்று வீசும் நம் கரையில் அது அரிதன்று, அதை நீங்களே பற்றவைக்க முயலாதீர்கள். நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டியில்தான் வெடிக்கும் கலவை தேங்கியிருக்கும். அதை முறையாக ஆவி நீக்கிப் பற்றவைக்கத் தெரிந்த பட்டறையிடம் ஒப்படையுங்கள்.