நெல்லா, வேலையா? விவாதத்தில் விழுமியங்களை எடை போடுவது எப்படி

மன்னார்குடிப் பக்கம் பள்ளியில் படித்தபோது, முதல் விவாதப் போட்டியிலேயே தோற்றேன். "உழவே உயிர்" என்று பத்து விதமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நடுவர் ஐயா கேட்டது ஒன்றுதான்: "தம்பி, நீ உழவு முக்கியம் என்றாய். எதிரே பேசிய பிள்ளை வேலை முக்கியம் என்றது. எது கனம் என்று அது ஒரு வரியாவது சொன்னது. நீ?"

பட்டிமன்றத்தில் குரலும் நகைச்சுவையும் பாதி வேலையைப் பார்த்துவிடும். போட்டி விவாதத்தில் அது நடக்காது. பழக நம்மூர்த் தலைப்பையே எடுப்போம்: 2020 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமான டெல்டாவில், புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு உள்ள தடை சரியா?

படி 1: விழுமியத்தைத் தேடுங்கள்

விழுமியம் என்றால் நாம் உயர்வாக மதித்துக் காக்க நினைப்பது. "எரிவாயு" விழுமியம் அல்ல, "நெல்" விழுமியம் அல்ல. அவை எதற்காக வேண்டும் என்று கேளுங்கள். ஆதரவு அணிக்கு உணவுப் பாதுகாப்பு கிடைக்கும், எதிரணிக்குப் பொருளாதார முன்னேற்றம். ஒன்று போதும். மூன்றைத் தூக்கிக்கொண்டு மேடையேறினால் மூன்றும் நழுவும்.

படி 2: அளவுகோல் வையுங்கள்

நெல்லை அளக்க மரக்கால் வேண்டாமா? அதுபோலத்தான். "உணவுப் பாதுகாப்பு" என்று மட்டும் சொன்னால் காற்றில் நிற்கும். "சாகுபடி நிலமும் நிலத்தடி நீரும் அடுத்த தலைமுறைக்கும் பயன்படுமா?" என்பது அளவுகோல். அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும் லிங்கன்-டக்ளஸ் விவாதத்திலும் விழுமியம், அளவுகோல் என்ற இந்த இரண்டும்தான் அடித்தளம். 1858-இல் லிங்கன், டக்ளஸ் என்ற இரு அரசியல்வாதிகள் அமெரிக்காவின் இலினாயில் மோதிய ஏழு விவாதங்களின் நினைவாக வந்த பெயர் அது.

படி 3: இரண்டையும் தராசில் வையுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். நானும் இங்கேதான் சறுக்கினேன்.

முதலில், எது இல்லாமல் எது நிற்காது என்று பாருங்கள். "சோறு இல்லாமல் முன்னேற்றம் ஏது?" என்று ஆதரவு அணி கேட்கலாம். எதிரணி சும்மா இருக்குமா? "கையில் காசில்லாதவனுக்கு நெல் விளைந்து என்ன பயன்?" என்று திருப்பிப் போடும். இரண்டுமே நல்ல வாதம்தான். அதனால் இந்த ஒன்றோடு நிறுத்தாதீர்கள்.

அடுத்து, இழந்ததைத் திரும்பப் பெற முடியுமா? வேலை இன்று தள்ளிப்போனால் நாளை வேறு தொழில் வரலாம். நிலத்தடி நீர் கெட்டால் மீட்பது பெரும்பாடு. என் கணிப்பில் ஆதரவு அணியின் பலமான ஆயுதம் இதுதான்.

அப்புறம், சொல்லும் நன்மை உண்மையில் நடக்க எவ்வளவு வாய்ப்பு? எதிரணிக்கு இங்கே ஒரு நல்ல பிடி உண்டு: ஏற்கெனவே இயங்கும் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. "அப்படியானால் தடை எதைக் காப்பாற்றுகிறது?" என்று கேட்டால் ஆதரவு அணி கொஞ்சம் தடுமாறும்.

படி 4: ஒத்துக்கொண்டே வெல்லுங்கள்

"வேலை முக்கியம், சரி. ஆனாலும் மீட்க முடியாத இழப்பைத்தான் முதலில் தடுக்க வேண்டும், ஏனென்றால்..." என்று தொடங்கிப் பாருங்கள். அந்த "ஏனென்றால்" பின்னால் வருவதைத்தான் நடுவர் குறித்துக்கொள்வார்.

வீட்டுப் பாடம்: 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய காவிரி நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகப் போன 14.75-இல் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீர், வீட்டுத் தேவைக்காக. குடிநீரா, பாசனமா? முதலில் பெங்களூர்க்காரராக நின்று மூன்று நிமிடம் பேசுங்கள்.