செவிலியர் திறனை அளக்கும் ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எஸ்சி. நர்சிங் தீசிஸ்கள் பலவற்றுக்கு ஒரே அச்சுதான். ஒரு ப்ரீ டெஸ்ட், ஒரு வகுப்பு, சில நாள் கழித்து அதே கேள்வித்தாளில் போஸ்ட் டெஸ்ட். மதிப்பெண் கூடியிருக்கும். பாடம் நடத்தினால் கூடத்தானே செய்யும்? ஒப்பிட இன்னொரு குழுவும் இருக்காது. இதைவிடப் பெரிய தவறு, கூடிய அந்த மதிப்பெண்ணைச் செவிலியரின் 'திறன்' என்று எழுதிவிடுவது.

1990இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வதென அறிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. கேள்வித்தாள் முதல் இரண்டு படியோடு நின்றுவிடும். மருத்துவக் கல்வியாளர் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி (OSCE) தேர்வு, அதாவது பல நிலையங்களில் வேலையைச் செய்து காட்டும் தேர்வு, மூன்றாம் படி வரை வரும். நான்காவதைப் பார்க்க வார்டுக்குத்தான் போக வேண்டும். போனாலும் எதைப் பார்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 'கை சுத்தம் செய்தார்: ஆம்' என்று செக்லிஸ்டில் டிக் விழுந்துவிடும். ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) போட்ட கையோடு திரைச்சீலையை இழுத்து, கட்டில் கம்பியைத் தொட்டு, பிறகு கேனுலா (ரத்த நாளத்தில் செருகும் மெல்லிய குழாய்) போட்டது எங்கேயும் பதிவாகாது. செய்தாரா என்பதோடு எந்த வரிசையில், எந்த நொடியில் செய்தார் என்பதும் அளவுகோலில் இருக்க வேண்டும்.

தன்மதிப்பீட்டை மட்டும் நம்புவது அடுத்த தவறு. பின்லாந்தின் ரீட்டா மெரெட்டோயா குழு 2004இல் வெளியிட்ட, செவிலியர் தன்னைத் தானே மதிப்பிட உதவும் அளவுகோலில் 7 பிரிவுகள், 73 கூற்றுகள். நல்ல கருவிதான். ஆனால் நர்சிங் சூப்பிரண்டெண்ட் கையாலேயே படிவம் கொடுத்து, அவரிடமே திருப்பித் தரச் சொன்னால் எந்த ஸ்டாஃப் நர்ஸ் தன்னைக் குறைத்துப் போடுவார்? பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. உறையிட்டு ஒட்டி, வெளியாள் ஒருவர் வாங்க வேண்டும்.

பாடம் எடுத்தவரே மதிப்பெண்ணும் போடுவது மிகப் பரவலான பழக்கம். தன் மாணவி நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைக்கும். யார் வகுப்புக்கு வந்தவர், யார் வராதவர் என்று தெரியாத இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கப்பா (kappa) என்ற புள்ளியியல் அளவில் காட்டுங்கள்.

சர்வீஸ் ஆண்டுகளைத் திறனுக்கு ஈடாக வைப்பதும் சரியில்லை. அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984இலேயே சொன்னார்: ஒரு துறையில் தேர்ந்தவர்கூடப் பழக்கமில்லாத வேறு துறைக்குப் போனால் தொடக்கநிலைக்கு வந்துவிடலாம். பத்து ஆண்டு ஐசியூ பார்த்தவரைப் பிரசவ வார்டில் அளந்துவிட்டு, அனுபவத்துக்கும் திறனுக்கும் தொடர்பில்லை என்று எழுதினால் அது அநியாயம்.

மதிப்பெண் குறைந்ததும் பழியைச் செவிலியர் மேல் போடுவதுதான் என்னை மிகவும் வருத்துவது. அந்த ஷிஃப்டில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள், கட்டிலருகே ஹேண்ட் ரப் பாட்டிலில் மருந்து இருந்ததா என்று குறிக்கச் செக்லிஸ்டின் தலையிலேயே இரண்டு கட்டம் ஒதுக்குங்கள்.