மெஷ் வைத்த ஹெர்னியா புண்ணில் சீழ் பிடித்தால்

மெஷ் என்ற வலையை உள்ளே வைத்துச் செய்த ஹெர்னியா (குடலிறக்கம்) ஆப்பரேஷன் முடிந்த முதல் சில நாள்களில் தையல் ஓரம் லேசாகச் சிவந்திருப்பதும், ஆண்களுக்கு விதைப்பை வரை நீலம் பாய்ந்து வீங்குவதும் சகஜம்தான். குறைந்துகொண்டு வந்த வலி திரும்ப ஏறினால், சிவப்பு பரவினால், சூடு, சீழ், நாற்றம், 38 டிகிரி காய்ச்சல் என்று ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். கிளம்பும் முன் சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள், பரவுகிறதா இல்லையா என்று பிறகு தெரியும்.

சூடும் வலியும் இல்லாமல் உள்ளே நீர் தளும்புகிற மாதிரி வீக்கம் இருந்தால் அது பெரும்பாலும் செரோமா (புண்ணுக்குள் தேங்கும் தெளிந்த நீர்), சில வாரங்களில் தானாக வற்றிவிடும். ஊசி போட்டு உறிஞ்சச் சொல்லி நச்சரிக்காதீர்கள், அந்த ஊசி வழியாகவே கிருமி மெஷ்ஷுக்குப் போகலாம்.

தாமான் கிளினிக்குக்கு (இங்கே மலேசியாவில் குடியிருப்புப் பகுதியில் இருக்கும் தனியார் கிளினிக்) போனால் முதலில் சொல்ல வேண்டியது "உள்ளே மெஷ் இருக்கிறது", டிஸ்சார்ஜ் கடிதத்தையும் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சீழைப் பரிசோதனைக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நம் ஆட்கள் பலர் ஒரு கிளினிக்கில் மாத்திரை வாங்கி, புண் காய்ந்து, திரும்பக் கசிந்ததும் இன்னொரு கிளினிக்கில் இன்னொரு மாத்திரை வாங்குகிறார்கள், எனக்கு இதுதான் எரிச்சல். கிருமி மெஷ்ஷில் ஒட்டிக்கொண்டு தன்மேல் வழுவழுப்பான படலம் போட்டுக்கொள்ளும், மாத்திரை அதை முழுசாக அழிக்காது. ஒரே இடம் காய்ந்து காய்ந்து திறந்தால், ஆப்பரேஷன் முடிந்து மாதக்கணக்கு ஆகியிருந்தாலும் சரி, அறுவை நிபுணரிடமே திரும்பிப் போங்கள்.

தோலோடு நின்ற சீழ் என்றால் தையலைத் திறந்து வடித்து, தினமும் டிரெஸ்ஸிங் செய்தாலே பெரும்பாலும் ஆறிவிடும், தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். மெஷ் வரை போயிருந்தால் ஸ்கேன், சீழை வடிப்பது, ரத்தக்குழாய் வழி மருந்து. பெரிய துளையுள்ள பாலிபுரொப்பிலீன் மெஷ்ஷைப் பல நேரம் காப்பாற்றிவிடலாம், துளைகள் மிக நெருக்கமான பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) வகையைப் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் எந்த வகை என்று கேட்டு வையுங்கள்.

டிரெஸ்ஸிங்கிற்கு பக்கத்து கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார கிளினிக்) போதும், குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). புண்ணில் மஞ்சள், காமாட் (கடல் அட்டை) எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். ஹருவான் (விரால் மீன்) சூப் தாராளமாகக் குடிக்கலாம். பந்தாங் (பத்தியம்) என்று முட்டை, கோழியை நிறுத்தாதீர்கள், புண் ஆறப் புரதம் வேண்டும் (கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேளுங்கள்). இனிப்பு நீர் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், சிகரெட்டையும் நிறுத்துங்கள்.

உடம்பு நடுங்கிக் காய்ச்சல், வயிறு உப்பி வாந்தி, புண்ணில் மலம் போலக் கசிவு: இதற்குக் கிளினிக் வேண்டாம், 999 அழையுங்கள், இல்லையென்றால் கோலாலம்பூரோ பினாங்கோ, நேரே ஜி.எச். (அரசு பொது மருத்துவமனை) அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். போகிற வழியில் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள், உடனே ஆப்பரேஷன் தேவைப்படலாம்.