மகளிர் குழு தொடங்கப் போகிறீர்களா? முதலில் நோட்டு வாங்குங்கள்

எங்கள் தெருவில் குழு ஆரம்பித்த அன்று எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "லோன் எப்பக்கா வரும்?" வங்கி லோன் வருவதற்கு முன்பே குழுவால் வீட்டுக் கஷ்டம் குறையும். அது எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய முறைதான் இது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

படி 1: ஆள் சேருங்கள்

12 முதல் 20 பேர். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு இருந்தால் நல்லது. மாமியாரையும் மருமகளையும் ஒரே குழுவில் போடாதீர்கள், அடுப்படிச் சண்டை கூட்டத்துக்கு வந்துவிடும். வாரச் சேமிப்பு எவ்வளவு என்பதைக் கூலிக்குப் போகிறவர் சொல்லட்டும். நிலம் வைத்திருப்பவர் சொன்னால் மூன்றாம் மாதமே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

படி 2: பொறுப்பாளர்களும் கணக்கும்

குழுவை முன்னின்று நடத்த ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். தீர்மானம் எழுதி, குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். இந்த நேரத்தில் பொறுப்பாளர்களின் அடையாளச் சான்று போதும். மற்றவர்களுடையது கடன் வாங்கும்போதுதான் தேவைப்படும்.

படி 3: உள்கடன்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 12 பேர், வாரம் 50 ரூபாய் என்றால் நாலு வாரத்தில் 2,400 ரூபாய் சேரும். அதைப் பூட்டி வைக்காதீர்கள். யாருக்கு அவசரமோ அவருக்குக் கொடுங்கள்.

ஒருவர் 2,000 ரூபாய் வாங்குகிறார். வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு, அசல் மாதம் 400. வட்டி 40, 32, 24, 16, 8 என்று இறங்கி ஐந்தே மாதத்தில் கடன் முடிகிறது. மொத்த வட்டி 120 ரூபாய். அதுவும் குழுப் பணம்தான், கட்டியவருக்கும் அதில் பங்குண்டு.

இதே 2,000 ரூபாயைப் பத்து வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 200 ரூபாய் வட்டிக்கே போகும். ஐந்து மாதத்தில் 1,000 ரூபாய் கட்டிய பிறகும் அசல் 2,000 அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் கையில் காசு இல்லாதவர் வேறு எங்கே போவார்?

படி 4: நோட்டு

தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம், ஆளுக்கொரு பாஸ் புத்தகம். கூட்டம் நடக்கும்போதே எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். எங்கள் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதினேன். சோம்பேறித்தனத்தில் ஆறு மாதத் தீர்மானங்களை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். வங்கியில் நோட்டைப் பார்த்த அம்மா நாலு பக்கம் புரட்டினார். "எல்லாப் பக்கமும் ஒரே பேனாவா இருக்கேம்மா?" என்று கேட்டுவிட்டு நோட்டை மூடித் தள்ளினார். லோன் நாலு மாதம் தள்ளிப்போனது. தெருவில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

படி 5: வங்கிக் கடன்

ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவைத் தரம் பார்ப்பார்கள். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுவது, கணக்கு ஆகிய ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். 10 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்பையும் முடக்கக் கூடாது. இது ரிசர்வ் வங்கி விதி.

கடன் வந்ததும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. அது வேண்டாம். தேவைப்படாதவர் கைக்குப் போன பணம் கல்யாணச் சீராகப் போய்விடும்.

படி 6: தொழில்

12 பேரும் சேர்ந்து ஊறுகாய் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், யாருக்கு விற்பது என்று முதலில் கேளுங்கள். கை பழகிய வேலையே நல்லது. ஆடு வளர்த்தவர் இன்னும் இரண்டு ஆடு வாங்கட்டும், தைக்கத் தெரிந்தவர் மெஷின் வாங்கட்டும்.

கறவை மாடு வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கத்தில் பால் ஊற்றுகிற வரை தவணை தானாக நடக்கும். பால் வற்றி அடுத்த கன்று போடும் வரை வரவு இருக்காது, தவணை மட்டும் நிற்காது. அதனால் மாடு கன்று போட்ட தேதியையும் கடன் பேரேட்டிலேயே குறித்து வையுங்கள். எந்த மாதம் அவருக்குத் தவணை இடிக்கும் என்பது முன்கூட்டியே தெரியும், அந்த மாதத்துக்கு உள்கடனும் ஒதுக்கி வைக்கலாம்.