“புள்ள வந்துரும் டீச்சர்”: மாணவியர் சாஃப்ட்பால் அணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பள்ளி மாணவியர் சாஃப்ட்பால் அணியொன்றுக்குச் சில ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். ஜூன் மாதம் பெயர் சேர்க்கும் நாளில் தாய்மார்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “புள்ள வந்துரும் டீச்சர்.” அதில் பொய் ஏதும் இல்லை, மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு, எந்த மாதம் வரைக்கும், யார் செலவில் என்ற எதுவும் அந்த வாக்கியத்துக்குள் இல்லை. அவற்றைக் கேட்டுக்கொள்ளாமல் நானும் பெயரை எழுதிக்கொண்ட ஆண்டுகள் உண்டு. மாவட்டப் போட்டி நெருங்கும் சமயத்தில் மைதானத்தில் வெடிக்கும் மனக்கசப்புகளைப் பின்னோக்கித் தேடிப் போனால், அன்று பேசாமல் விட்ட ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கும்.

இந்த ஆட்டம் வருகையை ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கிறது என்பதைப் பெற்றோருக்கு விளக்காமல் விடுவதிலிருந்தே தவறு தொடங்குகிறது. சாஃப்ட்பால் பேஸ்பாலுக்கு நெருங்கிய ஆட்டம்; நம் பக்கத்தில் பலர் இதைக் கிரிக்கெட்டின் தங்கை என்று நினைக்கிறார்கள். ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை நிறுத்தி ஆடிவிடலாம் என்றும் நினைக்கிறார்கள். களத்தில் ஒன்பது பேர் நின்றாக வேண்டும். எட்டுப் பேரோடு போனால் ஆட்டம் தொடங்காமலேயே வெற்றி எதிரணிக்குப் போய்விடும். பந்தை அடித்தவள் ஓடித் தொட வேண்டிய இடம்தான் பேஸ்; பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 60 அடிதான். தரையில் உருண்டு வரும் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிய, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பவளுக்குக் கிடைப்பது மூன்று நான்கு விநாடிகள். முதல் பேஸில் நிற்பவள் எந்தப் பக்கம் காலை நீட்டுவாள், அவளுடைய க்ளவுஸ் எந்த உயரத்தில் இருக்கும் என்பதை அப்போது நிதானித்துப் பார்க்க முடியாது. கைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பந்தெறியும் பிட்சர், பேட் பிடிப்பவளுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடிக்கும் கேட்சர் விஷயம் இன்னும் கடினம். கையைத் தோளிலிருந்து முழுவட்டமாகச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து விடும் பந்தைப் பழக, வயதுவந்த பெண்கள் ஆட்டத்தில் 43 அடி தள்ளி, கவசம் கட்டிய கேட்சர் ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் வராத மாலையில் பிட்சர் சுவரைப் பார்த்து எறிந்துகொண்டிருப்பாள். ஓட்டப்பந்தயத்துக்கு வரும் பெண் தனியே ஓடிப் பழகிக்கொள்ளலாம். இங்கே ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தியின் மாலையும் சேர்ந்து வீணாகிறது. பெற்றோரை ஒரு மாலை மைதானத்தில் நிற்கவைத்து இதைக் காட்டினால் போதும்.

விதிகளை அச்சிட்டு மாணவியின் கையில் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது அடுத்த தவறு. அந்தக் கையெழுத்து பல வீடுகளில் அண்ணனுடையதாகவோ சித்தியுடையதாகவோ இருக்கும். பிற்பாடு வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப மறுப்பவரோ அப்பாவாக இருப்பார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கூட்டம் வைத்தால் அவர்களும் வருவார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் தந்தை வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் உண்டு. அங்கே முடிவு போனில்தான் வரும் என்பதால், அந்தப் போன் வருவதற்கு முன்பே தாயிடம் எல்லா விவரமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

வராத நாட்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்ததுதான் நான் செய்ததிலேயே பெரிய தவறு. பயிற்சி தொடங்கிய இரண்டாம் ஆண்டில், பாம்பன் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுமி எங்கள் கேட்சராக இருந்தாள். ஒரு வாரம் ஒழுங்காக வருவாள். பிறகு தொடர்ந்து ஐந்தாறு நாள் வரமாட்டாள். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். மூன்று முறை எச்சரித்துவிட்டு நான்காம் முறை பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். பல மாதங்கள் கழித்து வருகைப் பதிவேட்டைத் தினசரிக் காலண்டரோடு வைத்துப் பார்க்க நேர்ந்தபோதுதான், அவளுடைய வெற்றிடங்கள் எல்லாம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டியே விழுந்திருந்தது தெரிந்தது. அவளுடைய தாய் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். நீர் வாகாக இருக்கும் அந்த நாட்களில் விடியுமுன் போனால், எடுத்த பாசியைக் கரையில் உலரப் போட்டுவிட்டு வீடு திரும்பப் பொழுதாகிவிடும். அதுவரை கைக்குழந்தையான தம்பியையும் அடுப்பையும் பார்த்துக்கொள்வது இவள் வேலை. நான் வீடு தேடிப் போனபோது, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே அந்த அம்மா பேசினார். “என்கிட்ட முன்னமே சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன். “நீங்க கேக்கலையே டீச்சர்” என்றார்.

அதன்பின் ஜூன் மாதக் கூட்டத்தில் ஒரு பெரிய காலண்டரை மேசையில் விரித்து வைக்கிறேன். பாசிக்குப் போகும் வீடுகள் தங்கள் நாட்களைக் குறிக்கின்றன. தங்கச்சிமடத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலைத் திருப்பலி உண்டு. ஜூலையில் சந்தியாகப்பர் ஆலயத் திருவிழாவும் உண்டு. நோன்பு மாதத்தில் மாலைப் பயிற்சிக்குப் பதில் வேறு நேரம் பார்க்க வேண்டும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் வாரங்களில் உயரப் பந்து பிடிக்கப் பழகுவது வீண். வாடையோடு வரும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானமே இருக்காது. இவ்வளவையும் குறித்த பிறகு மிஞ்சும் நாட்களே எங்கள் பயிற்சி நாட்கள். அவை குறைவுதான், ஆனால் அவற்றில் ஆள் நிற்கிறது. அதற்குமேல் விதி ஒன்றே ஒன்று: வர முடியாவிட்டால் முந்தின நாள் இரவுக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு வராமலிருப்பது குற்றமில்லை. சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். இதைக் கேட்கும் சிலர், சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்ப்பக்கத்துத் தவறில் விழுகிறார்கள். போட்டிக்கு முந்தைய வாரம் முழுவதும் தக்க காரணத்தோடு வராதவள்மீது எனக்கு வருத்தம் இருக்காது. ஆனால் அந்தப் போட்டியின் தொடக்க வரிசையிலும் அவள் இருக்கமாட்டாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

பணத்துக்கும் காலண்டர் உண்டு. கோடை விடுமுறையில்தான் பிள்ளைகள் ஓய்வாக இருக்கிறார்கள் என்று ஏப்ரல், மே மாதங்களில் முகாம் போட்டு, அப்போதே க்ளவுஸ், ஷூ, சீருடைக்குப் பணம் கேட்பது எங்கும் நடக்கிறது. இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அவற்றை நம்பியிருக்கும் வீடுகளில் வரும்படி இருக்காது. அந்த நேரத்தில் கேட்டால், பணம் இல்லை என்று சொல்லக் கூசி, பிள்ளைக்கு விருப்பம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். க்ளவுஸ் அணியின் உடைமையாகவே இருக்கட்டும். உப்புக் காற்றில் அதன் தோல் கருவாடு போல விறைத்துவிடும் என்பதால், வாரம் ஒரு முறை துளி தேங்காய் எண்ணெய் தடவி, உள்ளங்கையில் பழைய பந்தொன்றை வைத்துக் கட்டிவைக்கும் வேலையை மட்டும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்பதில் எழும் சண்டைக்கு விதை போடுவது பெரும்பாலும் பயிற்சியாளரே. “ஒழுங்கா வந்தா இறக்கிவிடுறேன்” என்று பொதுவாகச் சொன்னால், ஒழுங்காக வரும் பதினைந்து பேரும் அதைத் தமக்கே தந்த வாக்காக எடுத்துக்கொள்வார்கள். களத்தில் இடம் ஒன்பதுதான். பக்கத்துப் பள்ளியோடு ஆடும் நட்பு ஆட்டங்களில் எல்லோரும் இறங்குவார்கள், இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி அரங்கில் ஒரு போட்டிக்குப் போனால் வெற்றியை வைத்தே வரிசை அமையும் என்று இரண்டையும் பிரித்து, முதல் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. அதோடு, சாஃப்ட்பாலில் கிரிக்கெட்டில் இல்லாத ஒரு விதி இருப்பதையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்: தொடக்க வரிசையில் இறங்கியவளை வெளியே அழைத்துக்கொண்டாலும், ஒரு முறை, அதே பேட்டிங் இடத்தில் அவள் திரும்பவும் இறங்கலாம். இது தெரியாத ஒரு தந்தை, நான்காவது இன்னிங்ஸில் மகளை வெளியே எடுத்ததும் அவமானமாகக் கருதி, அவளையும் பையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இரு அணியும் ஒரு முறை பேட் பிடித்து முடிப்பது ஓர் இன்னிங்ஸ்; ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ். ஆறாவதில் அவளை மீண்டும் இறக்கத்தான் உட்காரவைத்திருந்தேன். சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

வேலிக்கு வெளியிலிருந்து “அடி, ஓடு” என்று கத்தும் பெற்றோரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை; பேட்டைப் பிடித்து நிற்கும் பிள்ளைக்கு இரண்டு குரல் கேட்டால் இரண்டும் கேட்காது என்று ஒரு முறை சொன்னால் பலருக்குப் புரிந்துவிடுகிறது.

நல்ல பிட்சர் கிடைத்துவிட்டால் அவளையே எல்லா ஆட்டத்துக்கும் எறியவைப்பது, அர்ப்பணிப்பு என்ற பெயரில் நடக்கும் தவறு. கீழிருந்து விடும் பந்துதானே, தோளுக்கு என்ன வந்துவிடும் என்கிறார்கள். முழுவட்டச் சுழற்சியில் தோளிலும் மேற்கையின் முன்பக்கத் தசையிலும் விழும் இழுவை சாதாரணமானதன்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யூகிகோ உவேனோ இரண்டு நாட்களில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் எறிந்து தங்கம் வாங்கித் தந்ததை உற்சாகமூட்டச் சொல்வதுண்டு. அவருக்கு அப்போது 26 வயது. நம் பிள்ளைக்கு 13. வலிக்கிறது என்று சொல்பவளைச் சோம்பேறி என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அடுத்த முறை வலித்தாலும் சொல்லமாட்டாள். இரண்டாவது பிட்சர் ஒருத்தியை ஜூன் மாதத்திலேயே பழக்கத் தொடங்காத அணி, முதலாமவளின் தோளைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

வயதுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசாமலிருப்பது நாகரிகம் என்று எண்ணுவதால் இழந்த ஆட்டக்காரிகள் ஏராளம். எட்டாம் வகுப்புவரை வந்தவள் ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போவாள். காரணம் கேட்டால் படிப்பு என்பார்கள். உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, வெளியூருக்குக் கூடவே வரும் ஒரு பெண் துணை என்ற மூன்றும் இருக்கின்றனவா என்பதைத் தாய் கேட்குமுன் நாம் சொல்ல வேண்டும். வெள்ளைக் கால்சட்டையைச் சீருடையாக வைத்தது எங்கள் தவறு. கருநீலத்துக்கு மாற்றிய ஆண்டில், மாதத்தில் சில நாள் வராமலிருந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். சறுக்கி பேஸைத் தொடுவதற்கு முழுநீளக் கால்சட்டையே வசதி என்பதால், உடையைக் காரணம் காட்டித் தயங்கிய வீடுகளிலும் பேச்சு எளிதாகவே முடிந்தது.

பிள்ளையை நிறுத்திவைப்பதற்காக நாம் தரும் பெரிய வாக்குறுதிகளும் ஆபத்தானவை. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருப்பது உண்மை. மாவட்டப் போட்டியில் ஆடிய சான்றிதழ் ஒன்று மட்டும் அந்தக் கதவைத் திறந்துவிடாது என்பதும் உண்மை. ஒலிம்பிக்கில் 1996 முதல் 2008 வரை இருந்த சாஃப்ட்பால் பிறகு நீக்கப்பட்டு, 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் ஒரு முறை வந்து, 2024இல் மீண்டும் இல்லாமல் போய், 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்புகிறது. அப்படிப்பட்ட ஒன்றைக் காட்டி ஒரு மீனவக் குடும்பத்தின் மாலை நேரத்தைக் கேட்பது சரியன்று.

கடைசியாக, விலகும் வழியைச் சொல்லாமல் விடுவது. பத்தாம் வகுப்புத் தேர்வோ வீட்டு நிலைமையோ குறுக்கிட்டால், சொல்லிவிட்டு நின்றுகொள்ளலாம், க்ளவுஸைத் திருப்பித் தந்தால் போதும், அடுத்த ஜூனில் மறுபடி வரலாம் என்று நான் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாத ஆண்டுகளில் நின்றுபோன பிள்ளைகள் என்னைக் கண்டால் சந்து மாறிப் போனார்கள். க்ளவுஸும் திரும்பி வரவில்லை. பாம்பன் கேட்சருடைய க்ளவுஸ் மட்டும் வந்தது. நான் வீடு தேடிப் போன அன்று, அந்த அம்மா அரிசிப் பானைக்கு மேலிருந்த பலகையிலிருந்து அதை எடுத்துத் தந்தார். தோல் விறைக்கவில்லை. உள்ளங்கையில் பழைய பந்து வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தது.