கிளிநொச்சிக்கு ஓர் இலச்சினை: முதன்முறை வரைபவர்களுக்கு

வன்னி என்று இணையத்தில் தேடினால் இன்றைக்கும் முதலில் வருபவை போர்க்காலப் படங்கள்தான். நம் ஊரை உலகத்துக்கு வேறு விதமாகக் காட்ட நல்ல இலச்சினை ஒரு தொடக்கம். கிளிநொச்சியை வைத்துச் செய்து பார்ப்போம். முல்லைத்தீவு, வவுனியா என்றாலும் வழி இதேதான்.

1. ஒன்றை மட்டும் எடுங்கள்

நெல், பனை, கிளி, ஏ9 வீதி, இரணைமடுக் குளம் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரு வட்டத்துக்குள் அடைத்தால் வெளியூரான் கண்ணில் எதுவும் நிற்காது. நான் இரணைமடுவைத்தான் எடுப்பேன். காலபோகம், சிறுபோகம் என்ற இரண்டு நெற்பருவங்களும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். மாரியில் வான்கதவு திறந்தால் சனம் குடும்பமாகப் போய்ப் பார்க்கும்.

மற்றவற்றை விட்டுவிட்டோமே என்று கவலை வேண்டாம். போர்த்துக்கலின் போர்ட்டோ நகரம் 2014இல் தன் சுவர்களில் உள்ள நீல டைல்ஸிலிருந்து ஒரு கோட்டுப் பாணியை எடுத்தது. பிறகு ஊரின் அடையாளங்களை எல்லாம் அதே பாணியில் வரைந்துகொண்டது. நீங்களும் அப்படிச் செய்யலாம்.

2. பென்சிலும் தாளும்

வான்கதவின் மூன்று தூண்கள், நடுவே விழும் தண்ணீர், கீழே பரவும் கோடுகள். அவ்வளவு போதும். பெருவிரல் நகமளவில் பல விதமாக வரையுங்கள். முதலில் கறுப்பு மட்டும். கறுப்பில் நிற்காத வடிவத்தை நிறம் காப்பாற்றாது. அப்புறம் நிறம் தேர்ந்தெடுக்கும்போது எந்தக் கட்சிக் கொடியையும் நினைவூட்டாமல் பாருங்கள். இது ஊர் முழுவதுக்கும் உரியது.

3. எழுத்து

நேரம் பிடிப்பது இங்கேதான். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், அதில் தொடங்குங்கள். ஊர்ப் பெயரைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்காதீர்கள். வேறு எழுத்துருவுக்கு மாற்றியதும் குழம்பிவிடும். யூனிகோட்டில் அடித்து, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர் போட்டுப் பாருங்கள். இரண்டும் இலவசம். ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் அதே தடிப்பில் கீழே வையுங்கள்.

இப்போது பெயரைச் சிறிதாக்குங்கள். ‘ச்’சின் புள்ளியும் பக்கத்துச் ‘சி’யின் மேல்வளைவும் ஒட்டிக்கொள்ளும். எழுத்து இடைவெளியைக் கூட்டினால் சில மென்பொருள்களில் ‘நொ’வின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதனால் சற்று மெல்லிய தடிப்பை எடுங்கள். போதாவிட்டால் ‘பாத்’ மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து, நோட் கருவியால் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். இப்படிப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிட்டால் அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் குலையாது. மாற்றுமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

4. சோதனை

ஒற்றை நிறத்தில் அரிசிப் பையில் அச்சிட்டால் தெரிகிறதா? டொரொன்டோ கடைத் தட்டுக்குப் போகப்போவது அந்தப் பைதான். ஆட்டோவின் பின்புறத்தில்? கைபேசித் திரையின் மூலையில்? வன்னியைப் பார்த்திராத ஒருவரிடம் காட்டி என்ன தெரிகிறது என்று கேளுங்கள். “சிறைக் கம்பி” என்றால் தூண்களைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள்.

5. கோப்புகள்

மூலத்துக்கு எஸ்விஜி, அச்சகத்துக்குப் பிடிஎஃப், இணையத்துக்குப் பின்னணி இல்லாத பிஎன்ஜி. கூடவே நிற எண்களையும் சுற்றிலும் விடவேண்டிய வெற்றிடத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.